மருந்து என்று சொன்ன வாய்

எழுபதுகளில் அருப்புக்கோட்டையில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தேன். கடைக்குப் புதிதாகக் களைக்கொல்லி டப்பாக்கள் வந்திருந்தன. அவற்றின் மேல் ஆங்கிலத்தில் விஷம் என்று எழுதியிருந்ததைப் படித்தவன் நான். ஆனாலும் எங்கள் பக்கம் காட்டில் அடிக்கிற எல்லாவற்றுக்கும் மருந்து என்றுதான் பெயர்.

பந்தல்குடியிலிருந்து வந்த முத்தம்மாள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதக் கையாலயே கலக்கலாமா தம்பி?"

"மருந்துதானக்கா, சும்மா கலக்குங்க" என்றேன். வாசலில் லோடு வந்து நின்றது. எனக்கு அவசரம்.

கலக்கும்போது தெறித்து அவருக்கு வலது கண் அவிந்துபோனது. கடைமீது வழக்குப் போட்டார். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, "விஷம்னு சொல்லித்தான் குடுத்தேன்னு சொல்லிரு. இல்லைன்னா கடைப்பக்கம் வராத" என்றார்.

கூண்டில் ஏறி, சத்தியம் செய்துவிட்டு, அதையே சொன்னேன்.

"இவர் சொன்னது உண்மையா?" என்று நீதிபதி முத்தம்மாளைக் கேட்டார். மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் முத்தம்மாள் என்னையே பார்த்தார்.

"தம்பி சொல்லியிருப்பாக சாமி. கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன். காது அதுக்கு முன்னாடியே போயிருச்சு போல."

வழக்கு தள்ளுபடியானது. முதலாளி நெய்த்தோசை வாங்கிக் கொடுத்தார். தின்றேன்.

முத்தம்மாள் அன்று என்னை நம்பிச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. குத்தித்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொள்கிறேன்.