சம்பளம் கேட்கக் கூச்சப்பட்டேன்

பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பது என் தொழில். ஒரு கூடை இறாலை விற்க மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்பேன்.

ஆனால் மகள் தேவியைத் தனியார் கல்லூரியில் நர்சிங் சேர்த்தபோது யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கல்விக் கடன் வாங்க வங்கிக்குக் கிளம்பும்போது அவள்தான் சொன்னாள்: "அங்க படிச்ச அக்கா ஒருத்தங்க பொன்னேரில வேலை செய்றாங்கம்மா. இன்னா சம்பளம்னு கேட்டுட்டு அப்புறம் கையெழுத்து போடலாம்."

"அடுத்தவங்க சம்பளத்தப் போய் கேப்பியா? அசிங்கமா இல்ல? பேசாம வா" என்று அடக்கிவிட்டேன்.

இன்று அவள் சம்பளம் பதினான்காயிரம். அதில் கல்விக் கடன் தவணைக்கே ஒன்பதாயிரம் போய்விடுகிறது. போன மாதம், வேலைக்குப் போட்டுப்போகும் ஷூ பிய்ந்ததை வலை நூலால் தைத்துக்கொண்டிருந்தாள். இதுவரை ஒரு வார்த்தைகூடச் சொல்லி என்னைக் குத்திக்காட்டியதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது எங்கள் ஊரில் யார் பெண்ணை நர்சிங் சேர்த்தாலும், கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் அவர்களை எங்கள் வீட்டுக்குக் கூப்பிடுகிறேன். சம்பளத்தையும் தவணையையும் தேவி சொல்வாள். அன்று அவளைக் கேட்கவிடாமல் தடுத்தது யார் என்பதை மட்டும் அவள் சொல்வதில்லை. அதை நான் சொல்கிறேன்.