இரண்டு பேர் அடித்த உடுக்கை

எனக்கு வயது அறுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. காப்பிப்பழம் பறித்தேன், களை வெட்டினேன், ஒண்டிக்கடை முக்கில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். எந்த வேலைக்குப் போய்வந்தாலும் உடுக்கையைக் கையில் எடுக்காமல் நான் சோறு தின்றதில்லை. மாரமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு நாற்பது வருடமாக நான்தான் உடுக்கை அடிக்கிறேன். பொம்பளை அடிப்பதா என்று கேட்டவர்களும் பிறகு என் உடுக்கைக்குத்தான் ஆடினார்கள்.

போன பங்குனியில், திருவிழாவுக்கு முதல்நாள், மிளகு பறிக்கும்போது ஏணி சரிந்தது. ஒற்றை மூங்கில் ஏணி. விழுந்த பாரத்தை இடது கை வாங்கிக்கொண்டது. மணிக்கட்டு வீங்கி, விரல்கள் மரத்துப்போயின. எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டரிடம் சொன்னால் வேலை போகும். மகனிடம் சொன்னால் இனி அடிக்காதே என்று உடுக்கையையே வாங்கி வைத்துவிடுவான். முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டேன்.

உடுக்கையில் அடிப்பது வலது கை, பேச வைப்பது இடது கை. நடுவில் இருக்கும் கயிற்றை அது அமுக்கி விட்டால்தான் சத்தம் அழும், கூப்பிடும். எங்கள் ஊரில் சுனையிலிருந்து கரகம் கோயில் சேரும்வரை உடுக்கை நிற்கக் கூடாது. நின்றால் கரகம் திரும்பச் சுனைக்குப் போக வேண்டும். நிறுத்திய கை அப்புறம் உடுக்கையைத் தொடக் கூடாது. மறுநாள் காலையில் உடுக்கையோடு சுனைக்குப் போனேன். கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். விரல் மடங்கவில்லை.

சுனைக்குக் கூட வந்த என் பக்கத்து வீட்டு நாத்தனார் பார்த்துவிட்டாள். என் உடுக்கையைத் திட்டாமல் அவளுக்கு ஒருநாளும் பொழுது போனதில்லை.

"ஏனுங்கண்ணி, கைய எதுக்குப் பொணமாட்டம் தொங்கப் போட்டிருக்கீங்க?"

"சத்தம் போடாதடி. கயித்த அமுக்க முடியல."

"நொம்ப நல்லதாப் போச்சு. இனியாச்சும் நான் தூங்குவேன்" என்றவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "குடுங்க இப்படி. நீங்க அடிங்க, நான் அமுக்கறேன்."

"உனக்கென்னடி தெரியும்?"

"செவுத்துக்கு அந்தப் பக்கம் நாப்பது வருசம் காதுல பஞ்சா வெச்சிருந்தேன்?"

பூசாரி கரகத்தைத் தூக்கினார். அவள் என் தோளோடு ஒட்டி நின்று உடுக்கையைப் பிடித்தாள். நான் முதல் அடியை அடித்தேன். வழுக்குப் பாறையில் ஏறும்போது ஒருமுறை பிந்திவிட்டாள். சத்தம் தட்டையாக விழுந்தது. பூசாரி திரும்பிப் பார்த்தார். அவள் விலாவில் முழங்கையால் இடித்தேன்.

"அமுக்குடி!"

"மூச்சு வாங்க உடுங்க, அண்ணி."

ஆனால் கயிற்றை விடவில்லை. கோயில் வாசல் வரை உடுக்கை நிற்கவில்லை. கேட்டவர்களிடம், நாத்தனாருக்கு ஆசை, அதனால் பிடிக்க விட்டேன் என்றேன்.

அடுத்த பங்குனி வருகிறது. நடுவிரல் இன்னும் மரத்தே கிடக்கிறது. அவளுக்கோ இப்போது மூட்டுவலி, பாறை ஏறுவாளா தெரியாது. மிளகுக்கொடியில் கை வைக்கும்போதெல்லாம் அந்த விரலைப் பார்த்துப் பயப்படுகிறேன். அவளைத் தவிர யாருக்கும் தெரியாததை எழுத்துக் கூட்டி இந்த நோட்டில் எழுதிவிட்டேன்.

பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள்.

"கண்ணு, இதக் கொஞ்சம் படிச்சுக் காட்டு சாமி. வெரலு மரத்துப்போன எடத்த மட்டும் கொரல எறக்கிப் படி. ஊட்டுக்குள்ள உங்கப்பன் இருக்கான்."