ஆளும் பொய்யும் ஏற்றிய வேன்

லாரிக்காரன் ஏற்றுகிற சரக்கு பேசாது. ஆள் வேன் ஓட்டுகிறவனின் சரக்கு காரிமங்கலத்தில் வாயைத் திறந்தால் பெங்களூரில்தான் மூடும். வண்டி ஓட்டிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

யானை

திங்கட்கிழமை விடியலில் கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங் ஆட்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள். கிருஷ்ணகிரி வரைக்கும் வண்டிக்குள் மூக்கு உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்க எவனால் முடியும்? அதனால்தான் புளுக ஆரம்பித்தேன். என் பிறவிக் குணம் என்று என் வீட்டில் சொல்வார்கள், நம்பாதீர்கள்.

ஒற்றை யானை ஒன்று ரோட்டோரம் நின்று தும்பிக்கையைக் காட்டி என் வேனை நிறுத்தியது, ஓசூர் வரை ஏற்றிக்கொண்டு போனேன், இறங்கும்போது நன்றிக்கு டாப்பில் ஒரு தட்டுத் தட்டியது, இதோ அந்தப் பள்ளம் என்று சத்தியம் செய்தேன். வண்டி முழுக்கச் சிரிப்பு. கம்பைநல்லூர்ப் பக்கத்துச் சித்தாள் முனியம்மா மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "அது சரி மாமா, யானை ஜன்னல் சீட்டு கேட்டுச்சா, நடு சீட்டே போதும்னுச்சா?"

கோடு

பெங்களூர் ஓரத்தில் கௌரம்மா என்கிற கன்னடக்காரியின் காம்பவுண்டில்தான் என் ஆட்கள் தங்குவார்கள். வரிசையாகத் தகர ஷீட் போட்ட ரூம்கள், பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. அவளுடைய அக்காளைக் கட்டிக்கொடுத்திருந்தது எங்கள் பக்கம், காரிமங்கலம் தாண்டி ஒரு கிராமத்தில். அங்கே வீட்டுக்குள் கன்னடம், வாசலுக்கு வந்தால் தமிழ்.

நான் சும்மா இருப்பேனா? "என்னம்மா, கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரும் வேற வேற மாநிலமா ஆயிட்டீங்களே?" என்று சீண்டினேன். அவள் மாட்டின் மடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "நாங்க எங்கியும் போவலப்பா. கோடுதான் எங்க நடுவுல வந்து படுத்துக்கிச்சு."

வறட்டி

ஆற்றுத் தண்ணீருக்காக அடிதடி கிளம்பிய வருஷம். நான் ஆட்களை இறக்கப் போன நேரத்திலா அது வெடிக்கவேண்டும்? தெருமுனையில் கரும்புகை. தமிழ்நாட்டு நம்பர் வண்டி எது கண்ணில் பட்டாலும் கொளுத்துகிறார்கள் என்று ஒருவன் கத்திக்கொண்டே ஓடினான். என் வண்டியின் நெற்றியில் தர்மபுரி நம்பர் பளபளவென்று இருக்கிறது, சொந்தப் பெயரைப் பச்சை குத்திக்கொண்ட மாதிரி.

கௌரம்மா ஆட்களை எல்லாம் ரூமுக்குள் தள்ளி வெளியே பூட்டுப் போட்டாள். என்னைக் கொட்டகைக்கு விரட்டினாள். வைக்கோலுக்கு நடுவே ஒரு கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். கண் மட்டும் வெளியே. அவள் கூடை நிறையச் சாணியைக் கொண்டுவந்து என் நம்பர் பிளேட்டில் அறைந்தாள். பிறகு பானெட்டில், கதவில், கண்ணாடியில். சுவரில் தட்டுகிற மாதிரியே விரல் பதிய வறட்டி, வண்டி முழுக்க வறட்டி.

கும்பல் வந்துவிட்டது. முன்னால் வந்தவன் கையில் கேன். "யாரு வண்டி?"

"கண்ணு தெரியலையா? வறட்டி காயுற வண்டி. அது ஓடி எவ்ளோ நாளாச்சு."

என் வண்டியோ அப்போதுதான் ஓடி வந்து நின்றது. பானெட் கொதிக்கிறது. அதன் மேல் இருந்த சாணியிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்புகிறது. கேன்காரன் அதையே பார்த்தான். "ஆவி வருதே?"

"சாணின்னா ஆவி வராம? இப்பத்தான் மாடு போட்டுச்சு. வேணும்னா தொட்டுப் பாரு."

அவன் பூட்டிய ரூமைக் காட்டினான். உள்ளே யார்? கௌரம்மா சாணிக் கையோடு போய்க் கதவை மறைத்து நின்றாள். "நம்மனெ ஜன." எங்கள் வீட்டு ஆட்கள் என்று அர்த்தம். கேன்காரன் பார்த்தான், கூட வந்தவர்கள் பக்கம் திரும்பினான், போய்விட்டான்.

நான் தவழ்ந்து வந்து சாவியைத் தேடினேன். கௌரம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "காயுற வரைக்கும் வண்டிய எடுக்காத. நல்ல சாணி, வீணாப் போயிரும்."

கொடி

மறுநாள் அவளே ஒரு மஞ்சள் சிவப்புக் கொடியைக் கொண்டுவந்து வேனின் நெற்றியில் கட்டினாள். அந்த ஊர்க் கொடி. அதைப் பார்த்தால் வழியில் யாரும் தொடமாட்டார்கள். ஏரிக்கரை மண் ரோட்டில் புகுந்து, வாயில் வந்த சாமியை எல்லாம் கூப்பிட்டு, தமிழ்நாட்டுக்குள் வந்து விழுந்தோம். அப்பாடா என்று எல்லாரும் காலை நீட்டினார்கள். நானும் விசில் அடித்தேன். நெற்றியில் கொடி பறந்துகொண்டிருப்பது எவனுக்கு ஞாபகம்?

ஓசூருக்கு முன்னால் நம்ம ஆட்கள் கும்பலாக நின்றார்கள். அங்கே நம்மை அடித்ததற்கு இங்கே திருப்பி அடிக்க. என் நம்பரைத்தான் சாணி மறைத்திருந்ததே, கொடியைப் பார்த்ததும் ஒரு கட்டை என் கண்ணாடியில் விழுந்தது. "எறங்குடா!"

எனக்கு நாக்கு மட்டும்தான் ஆயுதம். "ஐயோ சாமி, இது கொடி இல்லீங்க. மாரியம்மனுக்கு மஞ்சத்துணியும் செகப்புத்துணியும் நேர்ந்து கட்டியிருக்கோம்" என்றேன். அவன் நம்பவில்லை. துணியைப் பிடித்து இழுத்தான். அப்போது பின் சீட்டில் ஒரு அலறல். முனியம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டு, கண் சொருகி, "எவண்டா எந்துணிய தொட்டவன்?" என்று இறங்கினாள். கட்டையை வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டான். தங்கச்சிக்கு எப்போது வரன் அமையும் என்று வேறு கேட்டான். தை பிறக்கட்டும் என்றாள் முனியம்மா.

வண்டி நகர்ந்து வெகுதூரம் போனபிறகும் அவள் கை ஆடிக்கொண்டே இருந்தது. ஆத்தா இன்னும் மலை ஏறவில்லையா என்று கேட்டேன். "சாமி வந்தது பொய் மாமா. நடுக்கம் வந்தது நெசம்."

வீடியோ

இப்போது காலம் மாறிவிட்டது. பெங்களூர் ஓட்டத்தை விட்டுவிட்டேன். இங்கே காரிமங்கலத்துப் பக்கம் ஹாலோ பிளாக் போடுகிற களத்துக்குப் பீகாரிலிருந்து வந்த ஆட்களை ஏற்றி இறக்குகிறேன். அதில் ஒருவன் சூரஜ். பெண்சாதியும் களத்திலேயே வேலை. அவர்கள் மகள் குட்டி இங்கேயே பிறந்தவள். பகல் எல்லாம் பக்கத்து வீட்டு முனியம்மாவிடம்தான் இருப்பாள். ஆமாம், அதே முனியம்மா. சித்தாள் வேலையை விட்டுவிட்டு இப்போது சந்தையில் கருவாடு விற்கிறாள்.

ஒருநாள் காலையில் களத்தில் ஒரு வேலையும் நடக்கவில்லை. எல்லாரும் செல்போனைப் பார்த்துக்கொண்டு வெளுத்துப்போய் நிற்கிறார்கள். வடக்கத்தி ஆட்களைத் தமிழ்நாட்டில் வெட்டுகிறார்கள் என்று ஒரு வீடியோ. எங்கேயோ, எப்போதோ, யாரோ யாரையோ வெட்டியது. சூரஜின் அம்மா ஊரிலிருந்து போன் போட்டு ஓயாமல் அழுகிறாள். இந்தப் பக்கம் அப்படி ஒன்றுமே நடக்கவில்லையப்பா என்று தலையில் அடித்துச் சொன்னேன். சூரஜ் மூட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "அங்கிள், நீங்க நல்ல ஆளு. ஆனா யானை கதயும் நீங்கதான் சொன்னது."

அத்தை வீடு

சரி, தர்மபுரி ரயில்வே ஸ்டேஷனில் விட்டுவிடுகிறேன் என்று அந்த மூன்று பேரையும் ஏற்றினேன். வழியில் சந்தை நாள். வண்டி நெரிசலில் நின்றது. குட்டி ஓயாமல் அழுதாள். பிஸ்கட் வாங்கலாம் என்று சூரஜ் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். அவன் பெண்சாதி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டிக்குள்ளேயே இருந்தாள்.

பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று நம்ம ஆட்களுக்கு வேறு ஒரு வீடியோ வந்திருந்தது, அது எனக்குத் தெரியாது. குட்டி அவன் தோளில் திமிறிக்கொண்டு கத்தினாள்: "நான் வர்ல! அத்த வூட்டுக்குப் போவணும்! என்ன உடு!" சுத்தமான காரிமங்கலத்துத் தமிழ். சூரஜ் அவளைச் சமாதானப்படுத்துகிறான், இந்தியில்.

அவ்வளவுதான். தமிழ்ப் பிள்ளை, இந்திக்காரன். சுற்றி வளைத்துவிட்டார்கள். சட்டை கிழிந்தது. உதட்டில் ரத்தம். அப்போதும் அவன் பிள்ளையை விடவில்லை, விடாததாலேயே இன்னும் அடி. பெண்சாதி அலறிக்கொண்டு ஓடினாள். இவளும் கூட்டாளி என்று அவள் கையை முறுக்கினார்கள். நான் நடுவில் புகுந்தேன். "அவன் பெத்த புள்ளைங்க அது! என் வண்டில வந்தவன்! சத்தியமா சொல்றேன்!"

ஒருவன் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தான். "யோவ் பெருசு, யானைக்கு லிப்ட் குடுத்தவன்தான நீ?"

எங்க வூட்டு ஆளு

கல்லெடுத்த கை ஒன்று உயர்ந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் கருவாட்டு வாசனை வந்தது. பிறகுதான் முனியம்மா வந்தாள்.

அவளைப் பார்த்ததும் குட்டி "அத்த!" என்று தாவினாள். கும்பலுக்கு இன்னும் வெறி ஏறிவிட்டது. பாருங்கள், பிள்ளை சொந்தக்காரியிடம் தாவுகிறது, திருடன் மாட்டினான் என்று. குழந்தை அவளுடையது என்று ஒரு வார்த்தை வந்தால் சூரஜ் செத்தான்.

முனியம்மா குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். மற்ற கையால் சூரஜின் கிழிந்த சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து நிறுத்தினாள். "புள்ள இவனுது. இவன் எங்க வூட்டு ஆளு. அடிக்கிறதுன்னா என்னிய அடிச்சிட்டு அடி."

"இந்திக்காரன் உனக்கு என்னா முறை, அக்கா?"

"புள்ள என்னிய என்னான்னு கூப்புட்டுச்சு? காதுல விழலயா? நான் அத்தைன்னா இவன் எனக்குத் தம்பி."

"இது எந்த ஊரு நாயம்?" என்றான் கல்காரன். ஆனால் கை இறங்கிவிட்டது. காய்கறிக்காரி ஒருத்தியும் பூக்காரி ஒருத்தியும் எழுந்து வந்து முனியம்மா பக்கத்தில் நின்றிருந்தார்கள். முனியம்மா அவனைப் பார்த்துச் சொன்னாள்: "சாணி தட்டி என் உயிர காப்பாத்துன கன்னடக்காரி ஒருத்தி இருக்கா. அவ வூட்டு நாயம்டா."

துணை

அதோடு அவள் விடவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள். காய்கறிக்காரியும் பூக்காரியும் முறுக்குக்காரியும் ஏறினார்கள். ஜன்னலுக்கு ஒருத்தியாக உட்கார்ந்து, வழியில் முறைத்தவனை எல்லாம் முறைத்துக்கொண்டே தர்மபுரி வரைக்கும் வந்தார்கள். வண்டியில் கருவாடும் மல்லிகையும் கலந்த அந்த நாற்றம் இன்னும் போகவில்லை.

சூரஜ் போகத்தான் செய்தான். அங்கே அழுகிற அம்மாவுக்கு நாம் என்ன பதில் சொல்ல முடியும்? நீ திரும்பி வரவில்லை என்றால் பிள்ளையை மட்டுமாவது அனுப்பி வை என்று முனியம்மா திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ரயில் நகரும்போது அவன் வீங்கிய உதட்டோடு ஜன்னலில் எட்டிப் பார்த்து என்னிடம் சொன்னான்: "அங்கிள், இத ஊர்ல போயி சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். என்னையும் புளுகன்னுதான் சொல்வான்."

பொய்யை ஏற்றிக்கொண்டு இரண்டு மாநிலம் தாண்டிய வண்டி ஐயா இது. நிஜத்தை ஏற்றிய அன்றைக்குச் சந்தையைத் தாண்டவே நாலு பொம்பளைகள் துணைக்கு ஏறவேண்டியிருந்தது.