மைக்செட்டும் ஒரு பேனாக்கத்தியும்

மைக்செட் தொழிலில் சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை நம்மை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், அது நின்றால் மண்டபமே திரும்பி முறைக்கும். மாட்டிக்கொண்டு முழிக்கும் சக தோழர்களே, உங்களுக்குத் தெரியாததா! தாம்பரத்தில் எனக்கு ஒரு கடை, ஒரு வேன், சட்டைப் பையில் ஒரு பேனாக்கத்தி. ஆபத்துக்கு உதவுவது கத்திதான்.

செக்ரட்டரி உரை

பெருங்களத்தூர் அபார்ட்மெண்ட் பொங்கல் விழா. கார்ட்லெஸ் மைக்குக்குள் பேட்டரி கசிந்து, ஸ்பிரிங் பச்சை பிடித்துக் கிடந்தது. கத்தி முனையால் சுரண்டிக்கொண்டிருந்தேன். செக்ரட்டரி சார் குனிந்து பார்த்தார்.

"கத்தியெல்லாம் கேம்பஸுக்குள்ள அலவ்டு இல்லப்பா. சரி சரி, சீக்கிரம் முடி, நான் பேசணும்!"

குப்பத்துக் கூழ்

கோவளம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் ஆடிக் கூழ். உப்புக்காத்து வயர் முனையைத் தின்றிருந்தது, குழாய் ஸ்பீக்கர் கப்சிப். கம்பத்தில் தொங்கிக்கொண்டே வயரைச் சுரண்டி முறுக்கினேன், அலறியது பாருங்கள்! கீழே மீன் விற்கும் அக்கா இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்.

"இன்னா தம்பி, இத்தினியூண்டு கத்தி வச்சிகினு கீற? என்னாண்ட கேட்டா மீன் வெட்ற கத்தி குட்த்திருப்பேனே!"

மாமியாரின் முதல் மேடை

மறைமலை நகரில் ரிசப்ஷன். மாப்பிள்ளையின் அம்மா சுமதி அக்கா, புது மருமகளுக்காக ஒரு பாட்டுப் பாட மாதக்கணக்காகப் பழகியிருந்தார். வாழ்க்கையில் முதல் மேடை. "அண்ணா, மைக் சொதப்பாதுல்ல?" என்று வந்ததிலிருந்து என்னைக் குடைந்துகொண்டே இருந்தார்.

அவர் வாயைத் திறந்ததும் மைக் படுத்துவிட்டது. ஆம்ப்ளிஃபயரில் சொருகும் பின்னுக்குள் வயர் அறுந்திருந்தது. ஸ்பேர் வயரையோ மகா புத்திசாலி நான், இன்னொரு மண்டபத்துக்கு அனுப்பியிருந்தேன். அக்கா முகம் சுருங்கிப்போச்சு. "பரவால்ல, நான் இறங்கிடறேன்" என்றார். நான் மேடையோரம் ஓடினேன்.

"அக்கா, இறங்காதீங்க!"

கத்தியை எடுத்து, அறுந்த முனையை வெட்டி, தோலைச் சீவி, கம்பியைப் பின்னில் சுற்றினேன். ஈயம் வைத்துப் பற்றவைக்க நேரமில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் பாட்டு, விட்டால் 'டர்ர்ர்'. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் குந்தி, அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அக்கா பாடினார். அடடா, என்ன குரல்! மருமகள் எழுந்து நின்று விசிலடித்தாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, விரல்தான் மரத்துவிட்டது. பாட்டு முடிந்ததும் அப்பாடா என்று கையை எடுக்கப் போனேன். அக்கா மைக்கிலேயே கூவினார்.

"சவுண்டு அண்ணா, கைய எடுத்துடாதீங்க! கூச்சம் போயிடுச்சு, இன்னும் மூணு பாட்டு பாடறேன்!"

கைத்தட்டல் மேடைக்கு, கைவலி நமக்கு என்பதுதான் இந்தத் தொழில், ஆனாலும் நாளைக்கே அந்த அக்கா கூப்பிட்டால் முதல் ஆளாக ஓடுவேன்.