கடைசி வீட்டுக் குழாய்

எங்கள் வீட்டுக் குழாய் பல வருடங்களாக ஒரு அலங்காரப் பொருளாகத்தான் இருந்தது. காரைக்காலில் கடலை ஒட்டிய தெரு, அதில் கடைசி வீடு எங்களுடையது. காலையில் தண்ணீர் விட்டால் சொட்டுச் சொட்டாக ஆரம்பிக்கும், ஒரு சொம்பு நிறைவதற்குள் நின்றுவிடும். கிணற்றுத் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. புகார் சொல்லப் போனால், "கடைசி வீடு சார், பிரஷர் இருக்காது" என்று ஒரே பதில். அந்த வீட்டில் பிறந்தது என் குற்றம் என்பது மாதிரிச் சொல்வார்கள். போலகம் கிராமத்திலிருந்து வரும் சின்னம்மா வேறு, "பட்டிக்காட்டுல எங்களுக்குத் திறந்தா கொட்டுது. டவுன்ல உக்காந்துக்கிட்டு நீங்க குடத்தைத் தூக்கிட்டு அலையிறீங்களே" என்று சிரித்துவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களைக் காப்பாற்றியது எதிர் வரிசையில் மாடி வீட்டு அக்கா. அவர் கணவர் துபாயில் வேலை பார்த்து, அங்கேயே மாரடைப்பில் போய்விட்டவர். அவருக்கு நன்மை போய்ச் சேரட்டும் என்று, சதகாவாக, அதாவது தர்மமாக, அக்கா தன் வீட்டு வெளிச்சுவரில் ஒரு குழாய் வைத்தார். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர், யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். அம்மா தினமும் அங்கேதான் பிடித்துவருவார். முதல் டம்ளரைக் குடிப்பதற்கு முன் சிலுவை போட்டுக்கொண்டு, "தண்ணி குடுத்த மகராசன், மோட்சத்துல இருக்கணும்" என்பார். சாயங்கால ஜெபமாலையிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு. எனக்கு இருந்ததா என்பது சந்தேகம்தான்.

ஒரு காலையில் நிறைகுடத்தோடு வரும்போது அம்மா அந்தக் குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர் கட்டிலோடு சரி. அதன் பிறகு அக்காவே குடத்தைச் சுமந்துவந்து எங்கள் அடுப்படியில் வைத்தார். "நீங்க படுங்கம்மா, தண்ணிய நான் பாத்துக்கிறேன்."

ஆனால் அம்மா வாய் நனைக்கிற அளவுக்கு மேல் குடிக்கவில்லை. டாக்டர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார். குடிக்காததால் நீர்க்கடுப்பு, காய்ச்சல், மறுபடி ஆஸ்பத்திரி. நான் கத்தினேன். "அடுத்தவங்க சுமந்து வர்ற தண்ணிய எப்பிடிடா மடக்கு மடக்குனு குடிக்கிறது? நம்ம குழாயில ஒரு நாள் வரட்டும், வயிறு முட்டக் குடிக்கிறேன்" என்றார் அம்மா. இன்னொரு தடவை காய்ச்சல் வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். நான் பயந்துபோயிருந்தேன்.

அந்த நிலையில்தான் ஒரு நாள் விடிந்ததும் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் பியூஸ் பெருஞ்சத்தத்தோடு வெடித்தது. தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்ற எரிச்சலில் முற்றத்துக்கு வந்தேன். திறந்தே கிடந்த குழாய் இருமியது. ஒரு காறல், ஒரு செருமல், பிறகு தண்ணீர் கொட்டியது. சொட்டுகிற தண்ணீர் இல்லை, கட்டைவிரல் தடிமனுக்குத் தண்ணீர். கீழே இருந்த பிளாஸ்டிக் வாளியையே தள்ளிவிட்டது. நான் அப்படியே நின்றேன். உள்ளேயிருந்து அம்மா, "மழையாடா?" என்று கேட்டார்.

ஒரு சொம்பு பிடித்துக் கொடுத்தேன். பாதி கழுத்தில் வழிய, நிறுத்தாமல் குடித்தார். இன்னும் கொண்டா என்று சொம்பை நீட்டினார். பிடிக்கப் போனேன். அதற்குள் யாரோ பியூஸைப் போட, கரண்ட் வந்துவிட்டது. தெரு நெடுக மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமின. தண்ணீர் பட்டென்று நின்றது. என்ன ஆயிற்று என்று குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தேன். குழாய் என் கையை உள்ளே இழுத்தது.

அந்த மோட்டார் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் தினமும் பல் தேய்க்கிறேன். கீழ்த்தொட்டியில் விழுந்த தண்ணீரை மாடிக்கு ஏற்றுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன். இப்படித் தெருக்குழாயிலிருந்தே உறிஞ்சுவார்கள் என்று தோன்றவே இல்லை. கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் யார் மேல் கோபப்படுவது என்றுகூட அப்போது புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அக்கா குடத்தோடு உள்ளே வந்தார். "ஏன் தம்பி பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"கைய வச்சுப் பாருங்கக்கா."

வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "என்ன இது, இழுக்குது?"

"மோட்டாருங்கக்கா. கரண்ட் இல்லாதப்ப கொட்டுச்சு. மோட்டாரைப் போட்டதும் நின்னுடுச்சு."

"எங்க வீட்டு மோட்டார் கீழ்த்தொட்டியிலேர்ந்துதானே ஏத்துது?"

"உங்க வீட்டுல கீழ்த்தொட்டி எங்கக்கா இருக்கு?"

சுவிட்சைப் போட்டால் தண்ணீர் ஏறுகிறது என்பதற்கு மேல் அக்கா யோசித்ததே இல்லை. குடத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லா... அப்ப அவருக்காகன்னு நான் குடுத்ததெல்லாம் உங்க தண்ணியா?"

கட்டிலிலிருந்து அம்மா, "நான் அவருக்காக வேண்டிக்கிட்டது பொய்யாயிடாது. நீ அழாதம்மா" என்றார். அக்கா இன்னும் அதிகமாக அழுதார். போகும்போது, "இனிமே அந்தச் சுவிட்சுல கை வைக்க மாட்டேன். நாளைக்கு உங்க குழாயில வரும், அம்மாவ நல்லாக் குடிக்கச் சொல்லுங்க" என்றார்.

சொன்னதைச் செய்தார். தொட்டியில் மிச்சமிருந்ததைத் தெருக்காரர்கள் அன்று சாயங்காலத்துக்குள் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

மறுநாள் காலை வாளியோடு குழாய்க்கு முன்னால் உட்கார்ந்தேன். அக்கா வீட்டு மோட்டார் ஓடவில்லை. மற்ற வீடுகளில் ஓடியது. கையை வைத்துப் பார்த்தேன். குழாய் நேற்று இழுத்ததுபோலவே இழுத்தது. "வருதாடா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் தட்டியது. இடுப்பில் காலிக் குடத்தோடு அக்கா நின்றிருந்தார்.

"எங்க வீட்டுல ஒரு சொட்டு வரல தம்பி. உங்க வீட்டுலயாச்சும் வந்துச்சா?"