ஃபிரிட்ஜ் மெக்கானிக்கும் ரேடியோக்காரரும்

துறைமுகத்திலிருந்து ஐஸ் தொழிற்சாலைக்குப் போகிற ரோட்டில் அவருடைய கடை. வாசலை அடைத்துக்கொண்டு பழுதான ஃபிரிட்ஜுகள் நிற்கும். ஊரில் எல்லோருக்கும் அவர் மெக்கானிக். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "யாரும் கேக்கலையே" என்பார்.

அரசு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ் நின்றுபோயிற்று. சரிசெய்யப் போன இடத்தில்தான் அந்த நர்ஸைப் பார்த்தார். ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்த பிறகும், கேஸ் சரியாக இருக்கிறதா பார்க்கவேண்டும் என்று அடுத்த வாரம் போனார். அதற்கடுத்த வாரமும் போனார்.

"இந்த ஃபிரிட்ஜுக்கு என்னதான் வியாதி?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஃபிரிட்ஜுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார் மெக்கானிக்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே முகம் மாறி, உட்காரச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவளுடைய கணவர் ஒரு சிறிய சரக்கு விமானத்தில் ரேடியோ ஆபரேட்டர். பைலட், துணை பைலட், அவர் என்று மூன்று பேர். ஒரு நாள் மதியம் கடலுக்கு மேலே மேகத்துக்குள் போனார்கள். "உயரத்தைக் குறைக்கிறோம்" என்று அவர் குரல் கேட்டது. அடுத்த வாக்கியம் பாதியில் நின்றது. சில வாரங்கள் கப்பல்களை விட்டுத் தேடினார்கள். ஒரு சக்கரமும் இரண்டு தபால் பைகளும் கரை ஒதுங்கின. அத்தோடு விட்டுவிட்டார்கள். அப்போது மகள் கைக்குழந்தை.

"செத்துட்டார்னு கோர்ட்ல சொல்லிட்டாங்க. எனக்குத்தான் இன்னும் வாய் வரல" என்றாள்.

"நீங்க சொல்லவே வேண்டாம். தேடறதை நிறுத்துங்கன்னு நானும் என்னைக்கும் சொல்ல மாட்டேன்."

இப்படித்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. வீடு மாறியபோது ரேடியோக்காரரின் படத்தை எங்கே வைப்பது என்று அவள் தயங்கி நின்றாள். மெக்கானிக் சுவரில் ஆணி அடித்தார். அப்போது பேச்சு வந்திருந்த மகள், படத்தில் இருப்பவருக்கு 'ஆகாசப்பா' என்றும் இவருக்கு 'கடையப்பா' என்றும் தானே பெயர் வைத்துக்கொண்டாள்.

விமானத்தில் போனவர்களின் குடும்பங்கள் சேர்ந்து, ஓய்வுபெற்ற ஒரு கடலளவைக்காரம்மாவைப் பிடித்திருந்தார்கள். கடலின் தரையை அளப்பதுதான் அந்த அம்மாவின் தொழில். வருடாவருடம் காற்று அடங்குகிற காலத்தில் ஒரு மீன்பிடிப் படகை எடுத்துக்கொண்டு போவார்கள். குடும்பத்துக்கு ஒரு ஆள் கூடவே போகலாம். முதல் தடவை நர்ஸ்தான் போனாள். படகு கரையை விட்டதும் ஆரம்பித்த வாந்தி கரைக்குத் திரும்பும்வரை நிற்கவில்லை. மறுவருடம், "நான் போறேன்" என்றார் மெக்கானிக்.

கடைத்தெருவில் கேலிக்குக் குறைச்சல் இல்லை. "பொண்டாட்டியோட முதல் புருஷனைத் தேடிப் போற ஆளை இப்பத்தான்யா பாக்கறோம். கிடைச்சிட்டா உன் கதி என்ன?" என்றார் டீக்கடைக்காரர்.

"நேரா உன் கடைக்குத்தான் கூட்டிட்டு வருவேன். நல்ல டீயா போட்டு வை" என்றார் இவர்.

தேடுவது என்றால் தண்ணீருக்குள் எட்டிப்பார்ப்பது என்றுதான் நினைத்திருந்தார். போன பிறகுதான் தெரிந்தது. விமானம் எந்த இடத்தில் விழுந்தது என்றே யாருக்கும் தெரியாது. பாதி வாக்கியத்தையும், காற்று வீசிய திசையையும், தபால் பை ஒதுங்கிய இடத்தையும் வைத்து அளவைக்காரம்மா வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டிருந்தார். அந்த வட்டத்துக்குள் ஒரு மாவட்டமே அடங்கும். ஒலியை அனுப்பித் தரையைப் படம் பிடிக்கிற கருவியைக் கயிற்றில் கட்டி, நடக்கிற வேகத்தில் இழுத்துக்கொண்டு, வயலில் உழுகிற மாதிரி போய்ப் போய்த் திரும்ப வேண்டும். மாற்றி மாற்றி ஆட்கள் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாள் முழுக்கச் சேறு தெரியும். பாறை தெரியும். மறுபடி சேறு தெரியும். அலை கொஞ்சம் எழும்பினாலும் படம் கலங்கிப்போகும். அறுந்த வலைகளில் கருவி மாட்டிக்கொள்ளும்.

ஒரு வருடம் திரையில் நீளமாக, கூரான மூலைகளோடு ஏதோ தெரிந்தது. படகில் இருந்தவர்கள் திரையைச் சுற்றிக் கூடினார்கள். கூட வந்திருந்த முக்குளிப்பவர் கடலுக்குள் இறங்கிவிட்டு மேலே வந்து முகமூடியைக் கழற்றினார். கப்பலிலிருந்து எப்போதோ விழுந்த, ஃபிரிட்ஜ் மாதிரி குளிரூட்டுகிற சரக்குப் பெட்டி அது. எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள்.

"ரிப்பேருக்கு வந்திருக்கு போல. என் தொழில் இங்கேயும் என்னை விடல" என்றார். சிரித்துச் சிரித்து அளவைக்காரம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு ஓய்ந்த பிறகும் அந்தத் தண்ணீர் நிற்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார். நர்ஸ் வாசலில் நிற்பாள். அவர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுவார். "சரி, குளிச்சிட்டு வாங்க" என்பாள்.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "கிடைக்கவே கூடாதுன்னு நீங்க எப்பவாவது நினைச்சிருக்கீங்களா?"

"முதல் வருஷம் நினைச்சேன்" என்றார் அவர். "அப்புறம் அந்த மனுஷன் எனக்குப் பழகிட்டாரு. அவர் எப்படிச் சிரிப்பார், எதுக்குக் கோபப்படுவார் எல்லாம் நீ சொல்லிச் சொல்லி, ஏதோ என் தம்பி காணாம போன மாதிரி ஆயிடுச்சு."

அவள் மடித்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகுதான் வழி பிறந்தது. பெரிய புயல் ஒன்று கடலடிச் சேற்றைக் கலைத்துப் போட்டது. அதற்குப் பிறகு, வட்டத்துக்குச் சற்று வெளியே ஒரு படகின் வலை மாட்டி, மடித்த தகரம் மாதிரி ஒரு துண்டு மேலே வந்தது. அது விமானத் தகடு என்று கண்டுகொண்ட அளவைக்காரம்மா மறுவாரமே படகைக் கிளப்பினார். முக்குளிப்பவர் கேமராவைக் கொண்டுபோனார். திரையில் சேறும், சிப்பி ஒட்டிய வாலும், அதன்மேல் பாதி அழிந்த எழுத்துகளும் வந்தன. யாரும் கைதட்டவில்லை. துணை பைலட்டின் அக்கா மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை, கரை தெரிகிற தூரத்தில் போனில் சிக்னல் வந்தது. சொல்ல வேண்டியதை மெக்கானிக் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தார். நர்ஸின் குரலைக் கேட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் அவள்.

"விமானம் கிடைச்சிருச்சும்மா."

அவள் நாற்காலியை இழுத்து உட்காருவது கேட்டது. பிறகு, "ரொம்பப் பயந்திருப்பாரோ?" என்றாள்.

"மூக்குப்பக்கம் அப்படியே நொறுங்கியிருக்கு. பயப்பட நேரமே இருந்திருக்காது."

"உண்மையாவா?"

"உன்கிட்ட நான் பொய் சொல்லியிருக்கேனா?"

சேற்றிலிருந்து எடுத்தவை கொஞ்சம்தான். சில எலும்புகள், ஒரு பூட்ஸ். மகளிடமும் மற்றக் குடும்பங்களிலும் வாயிலிருந்து பஞ்சில் எச்சில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து முடிவு வந்தது. பைலட்டும் ரேடியோக்காரரும் வந்துவிட்டார்கள். துணை பைலட் மட்டும் இன்னும் வரவில்லை.

எலும்புகளைப் பெட்டியில் வைத்து ஒப்படைத்த அலுவலகத்தில், மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அதற்குத் தமிழில் ஒரு முறைப்பெயர் உண்டா என்று மெக்கானிக்குக்குத் தெரியவில்லை.

"இவரும் எங்கப்பா, சார்" என்றாள் மகள். "பெட்டியை இவர் கையில கொடுங்க."

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நர்ஸ் படுத்தாள். அடுத்த நாள் நடுப்பகல் வரை அசையாமல் தூங்கினாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படித் தூங்கி அவர் பார்த்ததில்லை. போன் மணி அடித்தபோது, அவளை எழுப்பிவிடுமோ என்று ஓடிப்போய் எடுத்தார். துணை பைலட்டின் அக்கா பேசினார். உங்கள் ஆள் கிடைத்துவிட்டாரே, இனிமேலும் வருவீர்களா என்று நேராகக் கேட்க முடியாமல் எதையெதையோ பேசினார்.

"அக்கா, காத்து அடங்கட்டும்" என்றார் மெக்கானிக், குரலைத் தாழ்த்தி. "படகுல எனக்கு ஒரு இடம் போட்டு வைங்க."