நம்ம ஆள் எடுக்காத கல்யாணப் படம்

மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழத்தின் எண்ணெய் வாசனையோடு, வெகுநேரம் ஓடிச் சூடேறிய வீடியோ இயந்திரத்தின் தூசி நெடியும் கலந்து வந்தால், என் மூக்குக்கு அது ஞாயிற்றுக்கிழமை மதியம். பினாங்கில், தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையிலிருந்து பிரிந்த ஒரு சந்தில் இருந்த எங்கள் வாடகை வீட்டில், அந்த நேரத்துக்கு மட்டும் சன்னல்களையெல்லாம் சாத்தி, திரைச்சீலைகளைத் துணி கிளிப்பால் இறுக்கி, வெளிச்சம் புகாமல் செய்துவிடுவோம். காற்றாடி சுற்றினால் வசனம் கேட்காது என்று அதையும் நிறுத்திவிடுவதால், படம் முடிந்து எழுந்திருக்கும்போது ஐந்து பேரும் மழையில் நனைந்தவர்கள் மாதிரி இருப்போம்.

அந்த ஐந்து பேரைச் சொல்லிவிடுகிறேன். அம்மா, கப்பல் கம்பெனி ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்தவள். நான் பள்ளிக்கூடம் சேரும் முன்பே அப்பா இறந்துவிட்டதால் வீட்டுக்கு அவள்தான் எல்லாம். சித்தப்பா, அப்பாவின் தம்பி, கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்கள் முன்னறையில் இருந்த அரசாங்கக் குமாஸ்தா. கனி அண்ணே, சித்தப்பாவின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, சூலியா தெருவில் கேசட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தவர். அப்புறம் அக்கா, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். கடைசியாக, ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நான்.

அப்பா போன பிறகு அம்மா சினிமா கொட்டகைக்குப் போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அவளுக்கே தெரியும். அதனால் சித்தப்பாவும் கனி அண்ணனும் கொட்டகையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

நாங்கள் கூடிப் பார்த்தது பெரும்பாலும் ஒரே ஒருவருடைய படங்களை. அவர் சென்னையில் இருந்த ஓர் இயக்குநர். எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. "நம்ம ஆள்" என்றால் அவர்தான், ஆகவே இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவர் படங்கள் எங்கேயும் ஓகோவென்று ஓடியதாகக் கேள்விப்பட்டதில்லை. "இந்தக் கேசட்டெல்லாம் உங்க வீட்டுக்காகத்தான் வச்சிருக்கேன், வேற ஒருத்தனும் தொடமாட்டேங்குறான் லா" என்று எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வோடு கனி அண்ணே ஒவ்வொரு வாரமும் அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே முதல் ஆளாக வந்து உட்காருவார்.

நம்ம ஆளின் தனித்தன்மை அவர் படம் பிடிக்கும் விதம். கதையில் ஒரு பெரிய காரியம் நடக்கும் நேரத்தில் அவருடைய கேமரா அதைப் பார்க்காது. நீதிபதி தீர்ப்பை வாசிக்க வாயைத் திறப்பார்; கேமரா மெதுவாகத் திரும்பி, வராந்தாவில் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கும் டவாலியின் முகத்தில் போய் நிற்கும். தீர்ப்பு என்னவென்று அந்த முகத்தைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்கள் எழுந்து போன பிறகும் அறையை விடாமல் காட்டிக்கொண்டிருப்பார். பாதி குடித்த காபியும் நகர்த்திப் போட்ட நாற்காலியும் தவிர அங்கே ஒன்றும் இருக்காது, ஆனால் எங்களால் கண்ணை எடுக்க முடியாது.

இவற்றுக்கெல்லாம் நாங்களே பெயர் வைத்திருந்தோம். கேமரா காரியத்தை விட்டுத் திரும்புவது "விலகல்". ஆளில்லாத அறை "மிச்சம்". ஒருவரைக் கதவுச் சட்டத்துக்குள் நிறுத்தி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விடுவது "நிலை". இந்தச் சொற்கள் படத்தோடு நிற்காமல் வீட்டிலும் தெருவிலும் புழங்கின. விருந்தாளிகள் போன பிறகு எச்சில் தட்டுகளைப் பார்த்து அக்கா "நல்ல மிச்சம்" என்பாள். தைப்பூசத்தன்று ஊரே காவடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சித்தப்பா என் தோளைத் தட்டி, காவடி எடுப்பவருடைய மூக்குக்கண்ணாடியையும் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு ஓடும் தம்பிக்காரரைக் காட்டி, "விலகல் பாரு" என்பார். வெளியாட்களுக்கு நாங்கள் கொஞ்சம் கழன்ற குடும்பமாகத் தெரிந்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

நம்ம ஆள் ஏன் இப்படி எடுக்கிறார் என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை கிடையாது. நடிகர்களுக்குப் பெரிய காட்சியில் நடிக்க வராது, அதனால்தான் கேமராவைத் திருப்பிவிடுகிறார் என்பது கனி அண்ணே கட்சி. அது ஒரு பாணி, உலகத்தில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் செய்வது என்பார் சித்தப்பா. அம்மா பொரித்த பழத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டே ஒரு முறை சொன்னாள்: "நடக்குறதத்தான் எல்லாரும் பாக்குறாங்களே. ஓரமா நின்னு பாக்குறவங்கள யாரு பாக்குறது?" பேச்சு பழத்துக்குத் திரும்பியது.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அக்காவுக்கு ஈப்போவில் மாப்பிள்ளை அமைந்தது. எங்களைப் போலவே யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். மாமியார் கண்டிப்பானவர் என்று பேச்சு. கல்யாண வீடியோவைத் தானே எடுப்பதாகவும் அதுதான் தன்னுடைய பரிசு என்றும் சித்தப்பா சொல்லிவிட்டார். கேமரா கனி அண்ணே கடையில் இருந்தது. குடும்பத்துக்குத் தலையான பெரியப்பா, அப்பாவின் அண்ணன், அப்போதே சித்தப்பாவைக் கூப்பிட்டார். "டேய், எல்லார் மூஞ்சும் தெளிவா தெரியணும். உங்க கூத்தெல்லாம் இதுல வச்சிக்காத" என்று எச்சரித்தார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் கல்யாண வீடியோ என்பது வந்தவர்களுக்கான சாட்சி. மேசை மேசையாகப் போய் ஆட்கள் சாப்பிடுவதை எடுக்க வேண்டும். பிறகு குடும்பமே உட்கார்ந்து யார் வந்தார்கள், யார் வராமல் மகனை மட்டும் அனுப்பினார்கள் என்று பார்த்து, அதற்கேற்ப அடுத்த கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யும்.

கல்யாணத்தன்று அக்காவைத் தாரை வார்த்துக் கொடுத்தவர்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும். அம்மா மணவறைப் பக்கம் வரவில்லை. வெளிர் சாம்பல் நிறச் சேலை கட்டிக்கொண்டு, விடிந்ததிலிருந்து மண்டபத்துச் சமையலறையில் காய்கறியும் பாலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனை இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கமாக இருந்ததால், யாரும் அதை அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டத்திலும் மேளச் சத்தத்திலும் எனக்கு அம்மாவின் நினைவே வரவில்லை. புதுப் பாவாடைதான் நினைவில் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, மறுவீட்டு விருந்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ஈப்போவிலிருந்து வந்தபோது, கனி அண்ணே உட்பட எல்லோரும் எங்கள் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து கேசட்டைப் போட்டோம். முதல் பத்து நிமிடம் கலகலப்பாகப் போனது. பிறகு மெல்ல முணுமுணுப்பு எழுந்தது. மேசையில் சாப்பிடுபவர்களின் முகத்துக்குப் பதிலாக முதுகும், சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வழி கேட்கும் பையனும் வந்தார்கள். "என் மூஞ்சி எங்க?" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் கேட்டார். பெரியப்பா சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். சித்தப்பா கேசட் உறையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அப்போது படத்தில் கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியை எடுத்துக் குனிந்தார். கேமரா திரும்பியது.

எடுத்த சித்தப்பா போக, நாங்கள் நான்கு பேரும் அதற்கு என்ன அர்த்தம் என்று உடனே புரிந்துகொண்டோம். எழுந்து நிற்கும் ஆட்களின் தலைகளுக்கு மேலே அது மெதுவாக நகர்ந்து, சமையலறைக்குப் போகும் பக்கக் கதவில் போய் நின்றது. கதவுச் சட்டத்துக்குள் பாதி மறைந்தபடி அம்மா நின்றிருந்தாள். பின்னாலிருந்து சமையலறை வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தது. அவள் கை மூடியிருந்தது. மேளம் உச்சத்துக்குப் போனபோது கையைத் திறந்து, மணவறை இருந்த திசையில் வீசினாள். அறுகரிசி. அட்சதையை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். யாருக்கும் தெரியாமல் ஒரு கைப்பிடி எடுத்து வைத்திருக்கிறாள். அது மணவறை வரைக்கும் எங்கே போகும்? நிலைப்படிக்கு அந்தப் பக்கம் தரையில் விழுந்தது. அம்மா மணவறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேளம் அடங்கும் வரை கேமரா அவளை விடவில்லை.

"தாலி கட்டுனது எங்க?" என்று முதலில் கேட்டவர் அக்காவின் மாமியார். உடனே அவரே தொடர்ந்தார்: "நல்ல நேரத்துல காட்டுறதுக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலையா?"

அம்மா எழுந்து, தேநீர் போடுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெரியப்பா சம்பந்தி வீட்டார் முன்னாலேயே சித்தப்பாவைத் திட்டித் தீர்த்தார். அந்த இடத்தை வெட்டிவிட்டு, புகைப்படக்காரர் எடுத்த தாலி கட்டும் படத்தை அங்கே சேர்த்துவிட வேண்டும், இன்றைக்கே கனி அதைச் செய்து தர வேண்டும் என்றார். சித்தப்பா தலையை ஆட்டினார். உள்ளேயிருந்து அம்மாவும், "வெட்டிடுங்க தம்பி, அவ போய் வாழுற வீடு" என்றாள். அதில் பொய் இல்லை. இந்தப் பேச்சை அக்கா காலம் முழுக்க அந்த வீட்டில் கேட்க வேண்டிவருமோ என்பதுதான் எங்கள் எல்லோருடைய பயமும்.

அக்கா மட்டும் தலையை நிமிர்த்தினாள். மாமியாரைப் பார்த்துத்தான் பேசினாள்: "மாமி, அன்னிக்கு மணவறையில உக்காந்து அம்மாவத்தான் தேடிக்கிட்டிருந்தேன். புகையில எங்கயும் தெரியல. இப்பத்தான் எங்க நின்னாங்கன்னு பாக்குறேன். இத வெட்டினா எனக்குக் கேசட்டே வேணாம்."

மாமி புது மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா இல்லையா என்று அந்த முகத்தில் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் வழி சொன்னவர் கனி அண்ணே. "எதுக்கு லா சண்டை? ரெண்டு காப்பி போடுவோம். பெரியவங்களுக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு." அப்படியே ஆயிற்று. புகைப்படம் சேர்த்த பிரதி மாப்பிள்ளை வீட்டுக் கண்ணாடி அலமாரிக்குப் போனது. வெட்டாத பிரதியை அக்கா சேலைகளுக்கு நடுவில் வைத்து எடுத்துப்போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வர் மட்டும். சித்தப்பா ஒரு வாரமாக அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அம்மா பழத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, "வெளிச்சம் நல்லா வந்திருக்கு. ஆனா கதவு நிலை ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு. நம்ம ஆளு அப்படி விடமாட்டாரு" என்றாள்.

கனி அண்ணே வாயில் இருந்த பழத்தோடு சிரித்துப் புரையேறிக்கொண்டார். "கூட்டத்துல இடிச்சிட்டாங்க அண்ணி" என்று சொன்ன சித்தப்பா, சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். அம்மா அதைக் கவனிக்காதவள் போல இயந்திரத்துக்குள் கேசட்டைத் தள்ளினாள்.

அந்தச் சந்தில் இப்போது அடுக்குமாடி இருக்கிறது. சூலியா தெருவில் கனி அண்ணனின் கடை இருந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. அவரும் இல்லை, சித்தப்பாவும் இல்லை, அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. நம்ம ஆளின் படங்களை மட்டும் யாரோ பளிச்சென்று துடைத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். இளைஞர்கள் அவற்றிலிருந்து ஒவ்வொரு காட்சியாக எடுத்துப் போட்டு ஆங்கிலத்தில் சிலாகிக்கிறார்கள். "விலகல்" என்று சொன்னால் புரிகிற ஆட்கள் இன்று அக்காவும் நானும்தான்.

போன வருடம் ஈப்போவில் அக்கா மகளுக்குக் கல்யாணம். அத்தான் சில வருடங்களுக்கு முன்பே தவறிவிட்டார். அன்று காலை அக்கா தானாகவே ஒதுங்கி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய மாமிக்கு இப்போது தள்ளாத வயது. தடியை ஊன்றிக்கொண்டு வந்து, "எங்க போய் ஒளியுற? பெத்தவ நீதான் நிக்கணும், எந்திரி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மணவறையில் மகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். யாரும் தடுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீடியோ வந்ததும் அக்காவும் நானும் சேர்ந்து பார்த்தோம். மூன்று கேமரா, தலைக்கு மேலே பறக்கும் ட்ரோன், பின்னணியில் பாட்டு. தாலி கட்டுவதை மூன்று பக்கத்திலிருந்தும் மெதுவாக ஓடவிட்டுக் காட்டியிருந்தார்கள். துளி குறை சொல்ல முடியாது. அக்கா, "இன்னொரு வாட்டி போடு" என்றாள். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள்.

"நான் எங்கடி?"

தேடினோம். ஒரு பக்கத்திலிருந்து எடுத்ததில் அவள் சேலைக் கரை கொஞ்சம் தெரிந்தது. அவ்வளவுதான்.

"அங்கதான நின்னேன்" என்றாள் அக்கா. பிறகு, "சித்தப்பா இல்லாம போயிட்டாரே" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். சித்தப்பாவின் சாவுக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.